ஒரு லாரி இடது கால்

சுனாமி நிவாரண முகாம், கடலூர் பக்கம்
6.1.2005

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி அவர்களுக்கு, ஆம்பூர் ஞானமுத்து தாழ்மையுடன் எழுதுவது. இங்கு நான் சுகம். வேலூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை ஜெஃப்ரியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். என் மேலுள்ள தங்கள் கோபம் மட்டும் சுகமாயிருக்க வேண்டாமென்றும் ஜெபிக்கிறேன்.

போன ஞாயிறு நிச்சயத்துக்குப் பெண்ணின் தகப்பனே வராத விபரம் இதுதான். கடல் புகுந்த குப்பங்களில் ஜனங்கள் ஆணியும் தகரமும் கிடக்கிற மண்ணில் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்று எங்கள் ஷூ கம்பெனி முதலாளி ஒரு லாரி செருப்பு அனுப்பச் சொன்னார், நானும் இறக்கிவிட்டு உடனே திரும்பலாமென்று டிரைவர் மக்பூல் அகமதுவோடு ஏறிக்கொண்டேன், இங்கே பெட்டியைப் பிரித்தால் அத்தனையும் இடது கால். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டும் சாம்பிளை ஒற்றைக்காலாகத்தான் தைப்போம், அவசரத்தில் அந்த சாம்பிள் பெட்டிகளை ஏற்றியவன் நான்தான். வரிசையில் நின்ற அம்மா ஒருத்தி புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு காலுக்கு எப்ப வரணும்?" என்றாள். எனக்கு மானம் போய்விட்டது.

முகாமைப் பார்த்துக்கொள்ளும் தாசில்தாரம்மா திட்டவில்லை. எங்கள் முதலாளிக்கே ஃபோன் போட்டு, "வலது கால் தச்சு அனுப்புங்க சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சம்பந்தி, இதை இன்னான்னு சொல்றது. ஒரு பள்ளிக்கூட மேசை, ஒரு ஃபோன், கட்டிப்போன தொண்டை, அவ்வளவுதான் ஆபீஸ். அங்கிருந்து தண்ணி லாரி போகுது, டாக்டர் போறாங்க, பிளீச்சிங் பவுடர் போகுது, எந்தக் குப்பத்துல எந்தக் குழந்தைக்குப் பால் பவுடர் போகலைன்னு அந்தம்மாவுக்குத் தெரியுது. பெரிய கார் வந்தால் எழுந்து கும்பிட்டுவிட்டு, "அரிசி லாரிக்கு வழி விடுங்க" என்கிறார். எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. வாயைப் பிளந்து நின்ற என்னை, "சைஸ் பாக்கத் தெரியும்ல, உக்காருங்க" என்று பழந்துணி மூட்டைகளைப் பிரிக்க வைத்துவிட்டார். சர்க்கார் உத்தரவை மீறி எப்படி வருவேன்?

தயவுசெய்து நின்றுபோன நிச்சயத்தை இந்த ஞாயிறு வையுங்கள். தலைகீழாக நின்றாவது வந்துவிடுவேன். மகள் பிரிஸ்கில்லா ஆஸ்பத்திரியில் லீவு சொல்லித் தயாராக இருப்பாள். தங்கள் வீட்டார் அனைவர்மேலும் தேவகிருபை தங்குவதாக.

தங்கள்
ஞானமுத்து

பி.கு: இதை ஒட்டுமுன் ஆஸ்பத்திரி வேன் வந்தது. நர்ஸ்களோடு பிரிஸ்கில்லாவும் இறங்கினாள். "ஞாயித்துக்கெழம நிச்சயம்மா" என்றேன். "நீங்க இன்னா பண்றீங்கப்பா இங்க?" என்று கேட்டுவிட்டு ஊசி போடப் போய்விட்டாள். தாசில்தாரம்மா என்னை, "நீங்க கெளம்புங்க சார்" என்று நேற்றே சொல்லிவிட்டார். நான்தான் கிளம்பவில்லை. ஆகையால் ஞாயிறன்று நிச்சயத்தில் மாப்பிள்ளை மட்டுமே இருப்பார். ஒற்றையாக ஒன்றை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை மேலே எழுதியிருக்கிறேன். வலது கால் லாரி சனிக்கிழமை ஆம்பூரிலிருந்து புறப்பட்டு வேலூர் வழியாகத்தான் இங்கே வருகிறது. மக்பூல் பக்கத்தில் ஒரு சீட் காலியாகத்தான் இருக்கிறது.