கொசுக்கட்டுச் செம்பு

பெக்கான் நானாஸுக்கு அன்னாசி வாங்க வர்ற கூட்டத்த விட கொசுக்கட்டுச் சாமியப் பாக்க வந்த கூட்டம் பெருசு. ஜோகூர் பாருலேர்ந்து காரு, குளுவாங்லேர்ந்து வேனு, சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டவங்க மோட்டர்ல. கடைவீட்டு மாடியில சாமி. கீழ பேனரு: ‘டெங்கிக்கு நிரந்தரக் கட்டு! கொசுவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறோம்!’ பேய் பிசாசெல்லாம் பழைய பிசினஸு. காலத்துக்கு ஏத்த மாதிரி சாமியும் மாறணும்லா?

மலேசிய வெள்ளி நூத்தியொண்ணு குடுத்தா ஒரு பித்தளைச் செம்பு, அது நிறைய மந்திரத் தண்ணி. வீட்டுல வெக்கணும். மூடக்கூடாது. நாப்பத்தெட்டு நாளைக்குக் கொட்டக்கூடாது. புகையடிக்க வர்றவங்கள உள்ள விடவே கூடாது, புகை பட்டா கட்டு அவுந்துடும். கொசுங்களே மீட்டிங் போட்டு எழுதியிருந்தாக்கூட இவ்வளவு வசதியா சட்டம் வந்திருக்காது.

ரூபினி வீட்டுல செம்பு மூணு. அம்மா சந்திரமதி ஃபேக்டரி ஓவர்டைம் காசுல வாங்கினது. அதுல ஒண்ண தம்பி கவின் தலமாட்டுல கொண்டுபோய் வெச்சது ரூபினிதான். ஃபார்ம் ஃபோர் படிக்கிறா, பதினாறு வயசு. சயின்ஸ்ல ஏ வேற! சுகாதார இலாகா ஆளுங்க டார்ச்லைட்டோட வந்தப்ப மூணு செம்பையும் சாமி ரூம்ல ஒளிச்சதும் அவதான். பூட்ஸ் காலோட சாமி ரூமுக்குள்ள யாரு வருவா? மரியாதை தெரிஞ்சவங்க, வாசல்லயே நின்னு மலாய்ல கேட்டாங்க, “தண்ணி எங்கயாவது தேங்கி நிக்குதா, தங்கச்சி?”

“தாக் அடா, பாங்.” இல்லவே இல்லண்ணே. அந்தத் தெருவுல பன்னெண்டு வீட்டுலயும் இதே பதிலு.

மூணே வாரம். கவினுக்குக் காய்ச்சல். ஒம்பது வயசுப் பையன், பல் ஈறுல ரத்தம். ஆஸ்பத்திரியில சேத்தாங்க. “டெங்கி. பிளேட்லெட் முப்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கிடுச்சு,”ன்னாங்க டாக்டரம்மா. “உங்க வீட்டுக்குள்ளயே எங்கயோ கொசு முட்டை போடுது.”

ரூபினிக்குச் செம்பு ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்கு ஓடினா. தம்பி தலமாட்டுச் செம்புக்குள்ள ஃபோன் லைட்ட அடிச்சா. உள்ள நூறு வாலு நெளியுது.

மாத்துத்துணி எடுக்க வந்த அம்மாவக் கூப்பிட்டா. “அம்மா, செம்புல புழும்மா!”

“வாயக் கழுவு! அது சக்தி துள்ளுதுடி. சாமி அன்னிக்கே சொன்னாரு.”

“சக்திக்கு வாலு இருக்குமா?”

பளார்னு ஒண்ணு விழுந்துச்சு. அம்மாவுக்கும் பயம். பயந்தவங்கதான சாமிக்கு மொதலீடு. அம்மா சாமிக்கு ஃபோன் போட்டாங்க. “ஊசி போட்டதுல கட்டு தளர்ந்துடுச்சும்மா. வெள்ளிக்கிழமை பூஜையில கயிறு வாங்கிக் கட்டி, புள்ளய அன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு,”ன்னுட்டாரு. அம்மாவும் ரெடி. வெள்ளிக்கிழமை கயிறு கட்டி, சொந்தப் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டு, ரத்தம் கசியற புள்ளயத் தூக்கிட்டு வந்துடுவாங்க.

ரூபினி அழல. செம்புத் தண்ணிய அப்படியே கை நுழையற ஒரு பலகாரப் போத்தல்ல ஊத்துனா. வாயில கொசுவலைத் துண்ட வெச்சு ரப்பர் பேண்டால இறுக்கிக் கட்டுனா. அன்னிக்குத் திங்கள்.

வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டு பிரேமலா ஆன்டிய கவின் பக்கத்துல உக்கார வெச்சுட்டு அம்மா கயிறு வாங்கப் போனாங்க. பின்னாலயே ரூபினி, பையில போத்தலோட. மாடியில நிக்க இடமில்ல. சாமி மேல எலுமிச்சம்புல் தைல வாசம். நாற்காலிக்குப் பின்னாடி பிளக்குல ஒரு சிவப்பு லைட்டு மினுக்குது. கொசு மேட்டு! மந்திரத்துக்கு ஒரு ஸ்பேர் வேணாமா?

“சாமி, ஒரு சந்தேகம். நீங்க கட்டின கொசு கடிக்குமா?”

“எப்படிக் கடிக்கும் மகளே? வாயே கட்டியாச்சே!”

“அரோகரா!”ன்னுச்சு கூட்டம்.

ரூபினி போத்தல எடுத்து மேசையில வெச்சா. உள்ள பத்துப் பாஞ்சு கொசு, காலெல்லாம் வெள்ளைக் கோடு போட்டு, ஜம்முனு பறக்குது.

“உங்க செம்புத் தண்ணியில பொறந்ததுங்க. வலை கட்டினதுனால வெளியிலேர்ந்து ஒண்ணுகூட உள்ள போகல. எல்லாம் நீங்க வாயக் கட்டினதுங்கதான? கைய உள்ள விடுங்க சாமி. அஞ்சு நிமிஷம்.”

சாமி தொண்டையச் செருமினாரு. “இன்னிக்கு அஷ்டமி...”

“கொசு நாள் பாக்கறதில்ல சாமி.”

“யாரு வீட்டுப் புள்ள இது? வெளிய அனுப்புங்க!”

முன்வரிசையில லோரி ஓட்டற ஐயாசாமி எந்திரிச்சாரு. சாமிய முழுசா நம்பற மனுஷன், வீட்டுல செம்பு நாலு. “சின்னப் புள்ள கேக்குது, காட்டிடுங்க சாமி. கூட்டமும் பாக்கட்டும்!”ன்னு பக்தியோட சாமி மணிக்கட்டப் புடிச்சு, வலையத் தூக்கி உள்ள விடப் போனாரு.

“ஐயோ விடுய்யா! டெங்கி வந்துடும்யா!”



“என்னா சொன்னீங்க சாமி?” ஐயாசாமி கைய விடல. மூஞ்சிய உத்துப் பாத்தாரு. “அலமாக்! இந்தக் குரலு... டேய், நீ மூவார்ல வாட்டர் ஃபில்டர் வித்த செல்லப்பன்தான? அப்ப சுத்தம் பண்றேன்னு வித்த, இப்ப புழுவோட விக்கிறியா?”

கூட்டம் கூச்சல் போட, அம்மா மட்டும் நின்ன இடத்துலயே நின்னாங்க. கையில கயிறு. “எம் புள்ள தலமாட்டுல...”

“நான்தாம்மா வெச்சேன்,”ன்னா ரூபினி. இப்பத்தான் அவளுக்கு அழுகை வந்துச்சு.

அம்மா கயித்தப் போத்தல் பக்கத்துல வீசிட்டு அவ கையப் புடிச்சு இழுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. அன்னிக்குக் கையெழுத்துப் போடல. ஞாயித்துக்கிழமை கவின் பிளேட்லெட் எழுபதாயிரம். “மைலோ வேணும்,”னு கேட்டான்.

மறுநாள் ரூபினியே ஃபோன் பண்ணி இலாகா ஆளுங்களக் கூப்பிட்டா. பன்னெண்டு வீட்டு சாமி ரூம்லேர்ந்தும் செம்பு வெளிய வந்துச்சு. ரோட்டுல கொட்டுனா, அத்தன சக்தியும் வெயில்ல துடிக்குது. பிரேமலா ஆன்டி அதப் பாத்துக்கிட்டே மெதுவா கேட்டாங்க, “ஏன் ரூபினி, லாபிஸ் ஊர்ல ஒரு அம்மா எலிக் காய்ச்சலுக்குத் தாயத்து குடுக்கறாங்களாமே, அதாச்சும் நெஜமா?”

அதிகாரி எல்லாருக்கும் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு: வாரத்துக்கு ஒரு தடவ, பத்து நிமிஷம், தேங்கினத எல்லாம் கவுத்துக் கொட்டுங்க. செம்பு, பூச்சட்டி, வாளின்னு பெரிய லிஸ்டு. தலைய மட்டும் அந்த லிஸ்டுல சேக்க மறந்துட்டாரு.