வேணாம் டாக்டர்

தமிழ்நாட்டிலேயே மாடுகள் பார்த்துப் பயப்படாத ஒரே மாட்டு டாக்டர் அவராகத்தான் இருப்பார். தடுப்பூசியைத் தவிர வேறு ஊசியை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை. கண்டாச்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் அவருக்குப் பெயரே ‘வேணாம் டாக்டர்’.

நான் மாட்டு மருந்து கம்பெனி ரெப். திண்டிவனத்திலிருந்து பைக்கில் போய் அவர் மேஜையில் புது ஆன்டிபயாடிக்கை வைப்பேன்.

“வேணாம்.”

“பேரையாவது பாருங்க சார்.”

“பேரும் வேணாம்.”

ஒரு புத்தாண்டுக்கு கம்பெனி காலண்டர் கொடுத்தேன். ஊசிப் படம் இருந்த தாள்களையெல்லாம் கிழித்துவிட்டு மாட்டினார். ஆணி மட்டும்தான் மிஞ்சியது.

“சும்மா சும்மா ஆன்டிபயாடிக் போட்டுக்கினே இருந்தா கிருமிக்குப் பழகிப்பூடும்யா. அப்புறம் நெஜமாவே வேணுங்கறப்போ மருந்து கேக்காது” என்பது அவருடைய அன்றாடப் பிரசங்கம்.

ஒருநாள் நான் அங்கே இருக்கும்போதே, பால் ஊற்றிப் பிழைக்கும் ஆரோக்கியமேரி ஓடிவந்தார். வீட்டில் இருப்பது ஒரே மாடு. அதற்கு மடிநோய். போய்ப் பார்த்தால் மாடு ஜுரத்தில் படுத்துக் கிடந்தது. மடி கல்லாக இறுகி, பால் திரிதிரியாக ரத்தம் கலந்து வந்தது. யார் யாரோ வந்து ஊசி போட்டிருக்கிறார்கள். வீக்கம் வடிந்ததும் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். திரும்ப வீங்கியதும் வேறொரு ஊசி.

“ஜல்தியா ஒரு ஊசியப் போட்டு உடுங்க சார்.”

“எது கேக்கும்னு தெரியாம போடமாட்டேன். பாலை டெஸ்ட்டுக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் வீக்கத்துக்கு மாத்திரை குடு. பாலைக் கறந்து கறந்து கீழ ஊத்து. யாருக்கும் ஊத்தாத.”

“எம் பொழப்பையே கீழ ஊத்தச் சொல்றீங்களே!” என்று கத்திக்கொண்டே அழுதார் அவர்.

ரிசல்ட் வந்தது. எங்கள் கம்பெனி மருந்து உட்பட, வழக்கமாகப் போடுகிற எதுவும் அந்தக் கிருமியை அசைக்காது. ஒரே ஒரு மருந்துதான் கேட்கும். வேணாம் டாக்டர் அதை ஊசியில் ஏற்றினார். ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டார். டாக்டர் கூடவே வைட்டமின் ஈயும் செலினியமும் போட்டார்.

“இது எதுக்கு சார்?” என்றேன்.

“கிருமியோட சண்ட போடறப்போ ஒடம்பு ஃப்ரீ ராடிக்கல்னு ஒண்ண உண்டாக்கும். தீப்பொறி மாதிரின்னு வெச்சிக்க. அளவு மீறிப்போனா மடியையே பொசுக்கிடும். அந்த மருந்து கிருமியப் பாத்துக்கும். இது நெருப்ப அடக்கும்.”

மருந்து முடியும்வரை தினமும் போனார். தானே உட்கார்ந்து கெட்ட பாலைக் கறந்து கொட்டினார். ஜுரம் இறங்கியது. மாடு எழுந்து புல்லைக் கடித்தது. ஆனால் ஒரு காம்பு வற்றியே போய்விட்டது.

“மூணு போதும் சார். உசுரோட நிக்குதே” என்றார் ஆரோக்கியமேரி.

டாக்டர் மாட்டிடம் திரும்பினார். அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே, “மன்னிச்சிக்கம்மா, அந்த ஒண்ணை என்னால காப்பாத்த முடியல” என்றார். நான் வெளியே வந்து பைக்கைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

இப்போது அவருக்குத் திருவக்கரைப் பக்கம் மாற்றல். விழுப்புரம் வேலை முடிந்து வீடு திரும்ப நேரமாகிவிட்டால், “வழியில டாக்டரைப் பாத்துட்டு வந்தேன்” என்று மனைவியிடம் சொல்வேன். திருவக்கரை என் வழியில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.