குண்டு விமானத்தில் எங்கள் ஆட்கள் எவருமில்லை

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்றியல்
மார்கழி 2005

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் சூசைமுத்து அவர்களுக்கு,

ஆண்டவர் அருளால் ஸ்காபரோவில் தாங்களும் மாப்பிள்ளை றெக்ஸும் நலமாயிருப்பீர்கள். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தமிழ் வானொலியில் எங்கள் வீட்டு நினைவஞ்சலியைக் கேட்டு, சாவை மறைத்துவிட்டோம் என்று குறைபட்டு, கலியாணத்தை ஒரு வருடம் தள்ளச் சொன்னீர்கள். அன்றிலிருந்து மகள் அனோஜினி என்னோடு கதைப்பதில்லை.

நடந்தது இதுதான். புரட்டாதியில் எங்கள் பங்கு மக்கள் லவாலுக்கு அப்பால் அப்பிள் பிடுங்கப் போனோம். அவசரத்துக்கு ஒதுங்கிய பற்றைக்குள் ஒரு நினைவுக்கல்லைக் கண்டேன். இரண்டாம் உலகப்போரில் பயிற்சிக்குப் பறந்த குண்டு விமானம் அங்கே விழுந்து நாலு பொடியன்கள் செத்திருக்கிறார்கள். எல்லோரும் அனோஜினியிலும் இளையவர்கள். கல் முழுக்கப் பாசி, ஒரு மெழுகுதிரிகூட இல்லை. மனம் கேட்கவில்லை. கார்த்திகையில் மரித்தோர் பூசைக்கு எல்லோரும் தங்கள் சொந்தங்களின் பெயரைக் கொடுக்க, நான் அந்த நாலு பெயரையும் கொடுத்தேன். மனைவி சிசிலி கொதித்தாள். "குண்டு போடுறவங்களுக்கோ பூசை? நாங்கள் ஊரில குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ள கிடந்தது காணாதே?" "பறக்கப் பழகேக்கையே விழுந்திட்டாங்களப்பா, ஒரு குண்டும் போடேல்லை" என்றேன். அன்று எனக்குச் சோறில்லை.

பூசையில் பெயர் வாசித்தவர் அக்னெஸ். பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவற்றை விட்டுவிட்டு, பூசைக்குக் கொடுத்த என் பெயரையும் சேர்த்து, "விமான விபத்தில் மரித்த ஹென்றி, அல்பேட், பெனடிக்ற், வின்சன்ற், மரியதாசன் குடும்பத்தினர்" என்று வாசித்துவிட்டார். இந்தப் பெயர்களில் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறாரே! பூசை முடியுமுன்னமே கோயிலில் அழுகை. துக்க வீட்டில் அடுப்பு எரியாதென்று இடியப்பமும் சொதியும் வந்து குவிந்தன. மேல்மாடிச் சிவநேசம், "அண்ணை, உடம்புகள் எப்ப வருது?" என்று கேட்டார். "செத்து அறுபது வருசமாச்சு" என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று முடிவுகட்டி, பூசை நடந்த முப்பத்தோராம் நாளன்று வானொலியில் அஞ்சலியையும் அவரே கொடுத்துவிட்டார்.

இதற்கிடையில், பங்குத்தந்தை சொல்லி, அஹுன்ட்சிக்கிலிருந்து லூசியன் என்ற பிரெஞ்சுக் கிழவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதே விமானத்திலிருந்து பரசூட்டில் குதித்துத் தப்பிய ஐந்தாமவர். மனைவி, பிள்ளை யாருமில்லை. இத்தனை காலத்தில் தன்னைத் தவிர அந்தப் பெயர்களை எவரும் சொல்லிக் கேட்டதில்லையாம். அழுதார். அழுதுகொண்டே சொதி இன்னும் கேட்டு வாங்கினார். சிசிலியும் அழுதாள். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர் எங்கள் மேசையில்தான். உறைப்புக் கூடிப்போனாலும் கோப்பையை விடமாட்டார்.

ஆகவே சம்பந்தி, செத்தவர்கள் எங்கள் சொந்தமல்ல, எங்கள் வீட்டில் துக்கமுமில்லை. தயவுசெய்து தை முதற் சனியிலேயே கலியாணத்தை வைத்து என் மகளை என்னோடு கதைக்க வையுங்கள்.

மாதா உங்கள் வீட்டைக் காப்பாராக. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம்.

தங்கள் அன்புள்ள,
மரியதாசன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகேக்க ஆஸ்பத்திரியில இருந்து ரெலிபோன் அடிச்சவங்கள். லூசியன் காலமை மோசம் போயிட்டார். சொந்தக்காரர் எண்டு எங்கட நம்பரைத்தான் குடுத்திருக்கிறார். சிசிலி அடுப்பை நூத்துப்போட்டு இருக்கிறா. "முப்பத்தோராம் நாள் முடியாமல் இந்த வீட்டில கலியாணமோ?" எண்டு கேக்கிறா. குறை நினைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கோ, சம்பந்தி. அனோஜினியும் ஓமெண்டிட்டாள். வானொலிக்கு இந்த முறை நானே அறிவித்தல் குடுத்திட்டன்: லூசியன், மரியதாசன் குடும்பம்.