டேஷ் விடச் சொன்ன கோடு

காவிரி டெல்டாவில் ஆங்கில இலக்கணம் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை; அந்த இலக்கணத்தை ஆற்றுத் தண்ணீரோடு வைத்துச் சரிபார்த்து, தண்ணீரின் பக்கம் தீர்ப்புச் சொன்னவர் ஒருவர்தான். தஞ்சாவூரில், வடவாற்றங்கரையில் உள்ள எங்கள் தெருவில், அவருக்கு ‘டேஷ்’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் இருந்தது. அட்டைக்கு வெளியே அதற்கு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுகள் என் வீட்டுக்கு வந்துபோன அந்த மனிதர் என்னிடம் ஒரே ஓர் உதவிதான் கேட்டார். ஒரு கோடிட்ட இடத்தைக் காலியாக விட்டுவிடச் சொன்னார். நான் நிரப்பிவிட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் அவரைப் பற்றிச் சிரிக்கத்தக்கவற்றைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் அந்த வரிசைதான் பிடிக்கும்.

டேஷ், லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆற்று மதகின் பலகையை ஏற்றி இறக்கி, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துக்கொள்பவரை எங்கள் பக்கத்தில் லஸ்கர் என்போம். பணியின் கடைசி ஆண்டில் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. மதகுப் பலகையை ஏன் உரிய நேரத்தில் இறக்கவில்லை என்று விளக்கம் கேட்கும் மெமோ அது. ஆனால் தன் பெயர், தலைப்பெழுத்துப் பிழையில்லாமல், தட்டச்சில் வந்திருப்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஓய்வு பெறப் போகிறவருக்குப் பாராட்டு என்று முடிவு செய்து, ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கி அலுவலகம் முழுவதும் கொடுத்தார். மெமோவில் கையெழுத்திட்ட பொறியாளரே இரண்டு எடுத்துக்கொண்டார்.

“என்ன விசேஷம்?”

“எல்லாம் நீங்க குடுத்ததுதான் சார்.”

பொறியாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நல்லா இருங்க” என்று சொல்லி வைத்தார். நான்காம் நாள் எழுத்தர் வந்து, “மெமோவுக்குப் பதில் எங்கய்யா?” என்று கேட்டபோது டேஷ் சொன்ன விடை அந்த அலுவலகத்தில் இன்றும் உலவுகிறதாம்: “பதிலா? அதான் ஜாங்கிரி குடுத்தேனே!”

ஆங்கிலம் கற்காமல் கண்ணை மூடுவதில்லை என்று அவர் சபதம் செய்தது அன்றைக்குத்தான். ஓய்வூதியக் கணக்குத் தொடங்கத் தபால் அலுவலகத்துக்குப் போனவர், அங்கே கவுண்டரில் இருந்த பெண்ணிடம் இந்தக் கதையை முழுவதுமாகச் சொன்னார். அந்தப் பெண் என் மனைவி சரோஜா. சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. பிறகு, “எங்க வீட்டுக்காரர் இங்கிலீஷ் வாத்தியார்தான் அண்ணே. ரிட்டையர் ஆயிட்டு, கோடிட்ட இடம் எழுதிக்கிட்டு உக்காந்திருக்காரு. வாங்க” என்று அழைத்து வந்துவிட்டாள்.

அவள் சொன்னது உண்மை. கல்லூரியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துவிட்டு, ஒரு பயிற்சி நூலுக்காகச் சின்னச் சின்னப் பத்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். பத்திக்குப் பத்துக் கோடுகள். அவற்றை அச்சுக்கு அனுப்பும் முன் சோதித்துப் பார்க்க எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நீளமான நோட்டும் மர ஸ்கேலுமாக டேஷ் வந்து உட்கார்ந்தார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. அவர் என்னைக் கடைசிவரை ‘சார்’ என்றார். சரோஜா முதல் வாரமே ‘தங்கச்சி’ ஆகிவிட்டாள்.

வாய்விட்டுப் படிக்காமல் அவரால் ஒரு சொல்லைக்கூட நிரப்ப முடியாது. காலியிடம் வரும்போதெல்லாம், நம் பள்ளிக்கூடங்களில் எல்லோரும் படிப்பதைப் போல, ‘டேஷ்’ என்று உரக்கச் சொல்வார். பெயர் அப்படித்தான் வந்தது. அதே சொல்லை, வாயால் சொல்லக் கூசும் வசவுக்குப் பதிலாகவும் நம்மவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் சிக்கல். திருவையாறு போகும் டவுன் பஸ்ஸில் ஒருநாள் அவர் நோட்டைப் பிரித்து, “யூ டேஷ் மை ஃப்ரெண்ட். யூ டேஷ் எ குட் மேன்” என்று பயிற்சி செய்துகொண்டு வந்தார். எதிரே வாழைத்தாரோடு உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

“யாரைய்யா டேஷுங்கிற?”

“உங்களை இல்லீங்க. யூ.”

“யூன்னா நான்தானேய்யா!”

“நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்குங்க. அதான் டேஷ்.”

“என்ன வார்த்தைன்னு எனக்குத் தெரியும்! தைரியம் இருந்தா முழுசா சொல்லு பாப்போம்!”

“தெரிஞ்சா சொல்ல மாட்டனாங்க? அது தெரியாமத்தானே படிக்கிறேன்!”

கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்டக்டர் வந்தார். நோட்டை வாங்கிப் பார்த்தார். “யோவ், ‘ஆர்’ போடுங்கய்யா! யூ ஆர் மை ஃப்ரெண்ட். ரெண்டு பேரும் ஃப்ரெண்டு. ஆச்சா? போலாம் ரைட்!” என்றார். திருவையாற்றில் இறங்கியதும் வாழைத்தார்க்காரர் டேஷுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்து டேஷ் கேட்டது: “கண்டக்டர் போட்டது கரெக்டா சார்?”

என் பத்திகளை அவர் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மழை பெய்கிறது, ஆகவே விவசாயி மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று ஒரு பத்தியில் எழுதியிருந்தேன். டேஷ் பேனாவை மூடி வைத்துவிட்டார். “எந்த மாசம் சார்?” என்றார். மாதம் எதுவானால் என்ன, வினைச்சொல்லை மட்டும் நிரப்புங்கள் என்றேன். “தை மாசம் அறுப்பு நேரத்துல மழை பேஞ்சா எவன் சார் ஹாப்பி? இந்தப் பாடத்தை எங்க ஊர்ல வாசிச்சீங்கன்னா அடிக்க வருவாங்க” என்றார். பத்தியில் ஆடி மாதத்தைச் சேர்த்த பிறகே பேனாவைத் திறந்தார்.

இன்னொரு பத்தியில், ஆறு நிறையத் தண்ணீர் இருக்கிறது என்று ஒரு வரி வரும். “தி ரிவர் டேஷ் ஃபுல் ஆஃப் வாட்டர்.” நிகழ்காலம் குறிக்கும் ‘இஸ்’தான் விடை. டேஷ், இறந்தகாலத்தின் ‘வாஸ்’ போட்டார். நான் சிவப்பு மையால் அடித்தேன்.

“ஜன்னலைத் தொறந்து பாருங்க சார்.”

திறந்தேன். சித்திரை மாதம். வடவாற்றின் நடுவே மாடுகள் படுத்திருந்தன.

“இது இஸ்ஸா சார்?”

“இலக்கணம் ஜன்னல் வழியா பாக்காதுங்க.”

“அப்ப ஜன்னல் எதுக்கு சார் வச்சீங்க?”

சமாதானமாக அரை மதிப்பெண் தருவதாகச் சொன்னேன். மறுத்துவிட்டார். “மதகைப் பாதி தொறக்கலாம் சார். பாதி வாஸ் கிடையாது.” ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்த அன்று, அழைக்காமலே வந்து, அதே பக்கத்தைத் திருப்பி, ‘வாஸ்’ஸைத் தாமே அடித்து ‘இஸ்’ எழுதி, முழு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத விதி ஒன்று உண்டு. சொந்தமாக எழுதச் சொன்னால் ‘சரோஜா மை சிஸ்டர்’ என்று எழுதுவார். நடுவில் சிவப்பு மையால் ஓர் ‘இஸ்’ஸைச் செருகுவேன்.

“சரோஜா என் தங்கச்சி. இதுல என்ன சார் குறைஞ்சுபோச்சு?”

“இங்கிலீஷ்ல வினைச்சொல் இல்லாம வாக்கியம் நிக்காது.”

“நம்ம தமிழ்ல நிக்குதே சார்! தன்னால ஓடுற வாய்க்காலுக்கு நடுவுல எதுக்கு ஒரு மதகு?”

அடுக்களையிலிருந்து சரோஜாவின் குரல் வரும்: “விடுங்கண்ணே. அவருக்கு எல்லாத்துலயும் ஒரு வினை வேணும். இல்லாட்டி தூக்கம் வராது.”

விடைகளையும் அவள் அங்கிருந்தே கிசுகிசுப்பாள். பெரும்பாலும் வேண்டுமென்றே தவறாக. நான் திருத்தினால், “தங்கச்சி அப்படித்தான் சொல்லுச்சு” என்பார் டேஷ். முப்பத்தைந்து ஆண்டுப் பேராசிரியர் பதவி அந்த ஒரு சொல்லில் அடிபட்டுப்போகும். ஒருமுறை சரோஜா என்னிடம் கேட்டாள்: “அவரு எனக்கு அண்ணன்னா உங்களுக்கு என்ன முறை? வாய் நிறைய ‘மச்சான்’னு ஒரு தடவை கூப்பிட்டாத்தான் என்ன?” டேஷ் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் புன்னகை செய்துவிட்டு, அடுத்த பத்தியைத் திருத்தத் தொடங்கினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஆற்றில் புதுத் தண்ணீர் வந்த வாரத்தில் சரோஜா காலமானாள். நோயின் விவரங்களை இங்கே எழுத வேண்டியதில்லை.

அவளுக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய கோடிப் புடவையைக் கொண்டுவர ஆளில்லையே என்று வாசலில் பேச்சு எழுந்தது. அப்போது டேஷ் உள்ளே வந்தார். கையில் அரக்கு நிறத்தில் ஒரு புதுப் புடவை. என் உறவுக்காரர் ஒருவர் அவரை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, “இவரு என்ன முறை வேணும்?” என்று கேட்டார். கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. எனக்கு விடை தெரியும். வாய் திறக்கவில்லை. சற்று நேரம் காத்திருந்த டேஷ், “அண்ணன்ங்க” என்று தாமே சொல்லிவிட்டு, போய்ப் புடவையைப் போர்த்தினார்.

ஒரு மாதம் கழித்து நோட்டோடு வந்தார். இம்முறை பத்தி என்னுடையது அல்ல, அவரே எழுதியது. ஸ்கேல் வைத்துக் கோடுகளையும் அவரே போட்டிருந்தார். சரோஜாவைப் பற்றி ஏழு வரிகள். தபால் அலுவலகம் வந்தது, தவறான விடைகள் வந்தன. முதல் வரியை அவர் வாய்விட்டுப் படித்தார். “சரோஜா...” என்றவர் கோட்டின் மேல் விரலை வைத்துச் சற்று நிறுத்தி, “மை சிஸ்டர்” என்று முடித்தார். வழக்கமான ‘டேஷ்’ அந்த இடத்தில் வரவில்லை.

“மத்ததெல்லாம் நிரப்பியிருக்கேன், திருத்துங்க சார். முதல் கோட்டை மட்டும் அப்படியே விட்டுடுங்க. அது காலியாவே இருக்கட்டும்.”

சரி என்றேன். திருத்தினேன். அவர் வைத்த விடைகளில் பிழை இரண்டுதான். ஏழாம் வரிவரை போய்விட்டு, பழக்கத்தில் பக்கத்தின் மேலே திரும்பிய என் கை, காலியாக இருந்த இடத்தில் சிவப்பு மையால் ‘வாஸ்’ என்று எழுதிவிட்டது. எழுதி முடித்த பிறகே பார்த்தேன். இறந்தகாலம். தமிழ் இலக்கணம் அந்தக் காலத்துக்கு வைத்திருக்கும் பெயர் எவ்வளவு கடுமையானது என்பது அறுபத்தெட்டு வயதில், அந்தக் கணத்தில்தான் எனக்கு உறைத்தது.

டேஷ் நோட்டைத் தம் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஜன்னலைத் திறக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்பதுபோல அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“கரெக்டு சார்” என்றார். ஒன்பது ஆண்டுகளில் என் திருத்தம் ஒன்றை அவர் வாதாடாமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு முறைதான். நோட்டை மூடிக்கொண்டு போனார். பிறகு அதைக் கொண்டுவரவே இல்லை.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. மாலையில் மதகுப் பாலத்தின் மேல் எதிர்ப்படுவோம். “தண்ணி எப்படி இருக்கு?” என்பேன். “இருக்கு சார்” என்பார். மன்னிப்பைச் சொல்லச் சரியான சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தேன். சொல்லைத் தேடுவது என் தொழில். அதில் காலம் போவது எனக்குத் தெரிவதில்லை. சென்ற மாசி மாதம், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, டேஷ் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் முடிந்து புறப்படும்போது அவர் மனைவி அந்த நீள நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

“உங்ககிட்டதான் சேரணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. கடைசியா இந்த நோட்டோட உங்க வீட்டுக்குப் போன அன்னைக்கு, திரும்பி வந்தவரு, நேரா அடுப்படிக்கு வந்து ஒரு பருக்கை சோறு கேட்டாரு. பசிக்குதான்னு தட்டை எடுத்து வெச்சேன். ‘தட்டு வேணாம்டி, ஒரே ஒரு பருக்கை போதும்’னாரு. எதுக்குன்னு இன்னை வரைக்கும் எனக்குத் தெரியலைங்க.”

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தேன். சரோஜாவின் பக்கத்தில், முதல் வரியில், என் சிவப்பு மை இல்லை. அந்த இடத்தின் மேல், ஒரு சொல்லின் அளவுக்கே கத்தரித்த வெள்ளைத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டியிருக்கிறார். ஓரம் லேசாக மொறமொறத்திருந்தது. தாளின் மேல், ஸ்கேல் வைத்து, கோணாமல் ஒரு புதுக் கோடு.

அந்தக் கோடு இன்றும் காலியாகத்தான் இருக்கிறது. நோட்டு என் மேஜையில் இருக்கிறது. சிவப்புப் பேனா இல்லை.

அவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். பெயருக்கு அடுத்த சொல்லில் கை நின்றுவிட்டது. அந்த மொழி அங்கே ஒரு காலத்தைக் கேட்கிறது. ஆகவே நம் மொழியிலேயே எழுதுகிறேன். அவர் சொன்னது சரிதான். இதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

டேஷ் என் மச்சான்.