பப்பாளி சாரின் கக்கத்துச் சூடு

மனித உடம்பில் முப்பத்தேழு டிகிரி சூடு எதற்காக இருக்கிறது என்பதைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்த ஒரே ஆள் எங்கள் பப்பாளி சார்தான். ரத்தப் பரிசோதனைக் குழாய்கள் ஆறிவிடாமல் வைத்துக்கொள்ளத்தான் என்பார். கரண்ட் போனால் கக்கத்துக்கு இரண்டு குழாயாகச் செருகிக்கொண்டு, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் கலெக்டரே வந்தாலும் கும்பிடு கிடையாது.

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. நான் அங்கே டைப்பிஸ்ட். அவர் லேப், அதாவது மொத்த லேபும் அவர்தான்.

ரத்த வகை ஒத்துப்போகாவிட்டால் சில தாய்மார்களின் ரத்தத்தில், வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தை அழிக்கிற எதிர்ப்பொருள் உண்டாகிவிடும். அது இருந்தால் குழாயில் அணுக்கள் திட்டுத்திட்டாக ஒட்ட வேண்டும். வழக்கமான உப்புத்தண்ணீர்ச் சோதனையில் பல சமயம் ஒட்டாது. அணுக்களைப் பப்பாளிப் பாலில் ஊறவைத்தால் ஒளிந்திருப்பதும் தெரியும் என்று சார் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டார். அன்று பிடித்தது சனி, ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் இருந்த பப்பாளி மரத்துக்கு.

தினமும் காலையில் சவரப் பிளேடும் கொட்டாங்குச்சியுமாகப் போய்க் காய்களைக் கீறிப் பால் பிடிப்பார். பால் பட்டுப் பட்டு விரல் நுனியில் தோலே கிடையாது. முடிவு வந்ததும் என் டைப்ரைட்டர் மேல் குழாயை நீட்டுவார். "ஒட்டிக்கினு கீதா, இல்லியா? பாத்து சொல்லு. ஒரு ஆளு கண்ண நம்பக் கூடாது." தபால்காரர் கையெழுத்து கேட்டு வந்தால், அவரும் குழாயைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து.

கெட்ட காலம், அந்த மரம் நின்றது பிரசவ வார்டு ஜன்னலுக்கு நேர் கீழே.

பழவேற்காட்டில் மீன் விற்கும் நாகம்மா, எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். மூத்த பிள்ளை நன்றாக இருந்தது. அடுத்த இரண்டும் பிறந்த இரண்டே நாளில் மஞ்சள் பாய்ந்து போய்விட்டன. டாக்டரம்மாவுக்கு அந்த எதிர்ப்பொருள்மேல் சந்தேகம், மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஆனால் உப்புத்தண்ணீர்ச் சோதனையில் ஒன்றும் ஒட்டவில்லை. காரணம் காட்டாமல் மெட்ராசுக்குப் போகமாட்டேன் என்று நாகம்மா உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்குப் பால் எடுத்துப் பாக்கறேன்" என்றார் சார்.

மறுநாள் காலையில் மரம் தரையில் கிடந்தது. பக்கத்தில் அரிவாளோடு நாகம்மா.

"நான்தான் வெட்னேன். மாசமா கீற பொண்ணு தலமாட்டுல பப்பாளி மரமா? இன்னொரு புள்ளையும் வாரிக் குடுக்கச் சொல்றியா நைனா?"

சார் கீழே குந்தி, கிடந்த காய்களைக் கீற ஆரம்பித்தார். "உன் மருமக ரத்தத்தப் பாக்கத்தாம்மா இந்தப் பாலு" என்றார். நாகம்மா அரிவாளைப் போட்டுவிட்டுக் கொட்டாங்குச்சியை வாங்கிப் பிடித்தாள்.

சோதனை பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. குழாய்கள் கக்கத்துக்குப் போயின. நாகம்மா லேப் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குய்யா இப்டி குந்திக்கினு கீற?"

"உன் பேரப்புள்ளய அடைகாத்துக்கினு கீறேம்மா."

வெளியே எடுத்த குழாயை நான் பார்த்தேன், தபால்காரர் பார்த்தார். கடைசியாகச் சார் அதை நாகம்மாவிடம் நீட்டினார். "ஒட்டிக்கினு கீது" என்றாள். அடுத்த ரயிலில் மருமகளோடு மெட்ராஸ் போனாள். அங்கே பெண் குழந்தை முன்கூட்டியே பிறந்தது. ரத்தத்தை மாற்றிக் காப்பாற்றினார்கள்.

மூன்று மாதம் கழித்து நாகம்மா ஒரு தகர டப்பாவில் பப்பாளிக் கன்று கொண்டுவந்து, வெட்டிய இடத்திலேயே நட்டுவிட்டுப் போனாள். வளர்ந்து பூத்த பிறகுதான் தெரிந்தது, அது ஆண் மரம். ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. சார் பாலுக்கு ஊரெல்லாம் சைக்கிளில் அலைந்தார். ஆனாலும் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"ஒண்ணுக்கும் ஒதவாத மரம். வெட்டிடலாமே சார்" என்றேன்.

"அந்தம்மா வெச்சதுய்யா" என்றார்.

அவர் ரிட்டயர் ஆன மறுநாள் காலை, டைப்ரைட்டர் உறையைக்கூடக் கழற்றாமல், ஒரு வாளித் தண்ணீரோடு நான் அந்த மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்.