பறியும் பல்செட்டும்

பொன்னுரங்கத்துக்குப் பல்லெல்லாம் விழுந்து ஐந்து வருடம் ஆகிறது. அதைப் பார்த்துக் கோபால் சிரித்தும் ஐந்து வருடம் ஆகிறது. பல் போனதைக்கூட அவர் மறந்துவிடுவார். சிரித்ததை மறக்கமாட்டார்.

பழவேற்காட்டு ஏரியில் எறா என்னும் இறாலைக் கையால் பிடிப்பவனுக்கு இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பிடித்ததைப் போடும் பறி, அதாவது ஓலைக்கூடை, பல்லில் தொங்கும். பல் போனபின் பொன்னுரங்கம் பறியைக் கயிறு போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"இன்னா மச்சான், மாட்டுக்கு மணி கட்டிட்டாங்களா?" என்றான் பக்கத்து வீட்டுக் கோபால். அவனுக்கு முப்பத்திரண்டும் இருந்தது.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை செய்யும் மகன் பிரசாந்த் போனஸ் வாங்கி வந்து, "ஏதாச்சும் ஒண்ணு வாங்கலாம் நைனா" என்றான். சண்டை ஆரம்பித்தது.

"மிக்ஸி வாங்கு," என்றாள் குப்பம்மாள். "அம்மியில அரைச்சு அரைச்சு தோள்பட்டை கழண்டு போச்சு."

"எனக்குப் பல்செட்டு."

"யோவ், மிக்ஸிக்கு ரெண்டு வருசம் கியாரண்டி. உன் பல்லுக்கு எவன் குடுப்பான்?"

"நண்டு கடிச்சு அஞ்சு வருசம் ஆவுதுடி!"

"அதையும் மிக்ஸியில போட்டு அரைச்சுத் தரேன். குடி."

ஜெயித்தது பொன்னுரங்கம்தான். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பொன்னேரியில் செட்டை மாட்டிவிட்ட பல் டாக்டர், "படுக்கும்போது கழற்றித் தண்ணியில போட்டு வைங்க. முன்பல்லால எதையும் கவ்வி இழுக்காதீங்க" என்றார். குப்பம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பொன்னுரங்கம் கண்ணாடியில் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஏரியில் கழுத்துக் கயிற்றை அறுத்து எறிந்தார். பறியைப் பல்லில் கவ்வினார். கோபாலின் கண்ணில் படும்படியாகவே தவழ்ந்தார். பறி நிறைய நிறையத் தாடை வலித்தது.

"மச்சானுக்கு வயசு திரும்பிடுச்சு டோய்!"

ஐந்து வருடமாகச் சேர்த்து வைத்திருந்த பதிலைச் சொல்லப் பொன்னுரங்கம் வாயைத் திறந்தார்.

பறி விழுந்தது. பல்லும் போனது. பதிலுக்கு வெறும் காற்றுதான் வந்தது.

பறியை எட்டிப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் சேற்றைத் துழாவினார். கண்ணால் பார்க்காமலே எறா பிடித்த கைக்குச் சொந்தப் பல் அகப்படவில்லை. அகப்பட்டது ஒரு நண்டு. அதுவும் விரலைக் கவ்வியது.

கரையில் வழக்கம்போலப் பறியைக் குப்பம்மாளிடம் கொடுத்தார். வாயைத் துண்டால் கட்டிக்கொண்டார்.

"இன்னாய்யா துண்டு?"

"சளி."

"நண்டு வறுத்து வெக்கிறேன். சளிக்கு நல்லது."

"வேணாம்."

"பல்செட்டு வாங்குனதே நண்டுக்குத்தானே?"

"தொண்டை வலி."

"சரி, கோபால் அண்ணன் வீட்டுல குடுத்துடறேன்."

மறுநாளும் நண்டு. அதற்கடுத்த நாள் முறுக்கு. எல்லாம் கோபால் வீட்டுக்குப் போயின. சுவருக்கு அந்தப் பக்கம் நண்டு ஓடு உடைபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பொன்னுரங்கம் கஞ்சி குடித்தார். இனி சாகும்வரை கஞ்சிதான் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

நாலாம் நாள் ஒரு யோசனை வந்தது.

"குப்பு, உன் தோள்பட்டையைப் பார்த்தா பாவமா இருக்குது. தவணையில ஒரு மிக்ஸி வாங்கிக்கலாம்."

"பல்லு இருக்குறவனுக்கு மிக்ஸி எதுக்கு?"

"அரைச்சுச் சாப்பிட்டா வயித்துக்கு நல்லதாம்."

"பிரசாந்துகிட்ட சொல்லவா?"

"இன்னிக்கே சொல்லு!"

சாயங்காலமே மிக்ஸி வந்தது. அரை மணியில் சோறும் துவையலும் வந்தன. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அதற்குள் பல்செட்டு அவரைப் பார்த்துச் சிரித்தது.

"எங்கடி கெடைச்சுது?"

"அன்னிக்கே. பறியில, எறாவுக்கு அடியில."

"நாலு நாளா சொல்லலியே பாவி!"

"டாக்டர் தண்ணியில போட்டு வெக்கச் சொன்னாரு. வெச்சேன்."

அவருக்கு அழுகை முட்டியது. பசி அதைவிட முட்டியது. பல்லை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"நண்டு மிச்சம் இருக்குதா?"

"கோபால் அண்ணன் வீட்டுல கேட்டுப் பாரு. பல்லு தெரியச் சிரிச்சுக் கேளு."