கஜானிக்குக் கட்டாது

வாழைச்சேனை,
மாசி 2012

அன்புத் தங்கச்சி புஸ்பத்துக்கு, அண்ணன் யோகராசா எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். கனடாக் குளிரில் நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன், அவர் இப்போது என்னோடு கதைப்பேச்சில் இருந்தால்.

பேச்சு வராத மகள் கஜானிக்கென்று நீ அனுப்பிய பேசும் பலகை பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. அதனால் எனக்கு ஒரு வாடிக்கைக்காரரும் கோயிலில் இருந்த மரியாதையும் போயிற்று.

படத்தைத் தொட்டால் பலகை பேசும் என்று நீ சொன்னது உண்மை. ஆனால் அதற்குள்ளிருந்த வெள்ளைக்காரியின் குரலைக் கேட்டதும் கஜானி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டாள். உன் மகன் போனில் சொல்லித்தர, ஒவ்வொரு படத்துக்கும் என் குரலையே பதிந்தேன். சோறு, கடை, அப்பா, போதும் எல்லாம் சரியாக வந்தன. 'வேண்டாம்' படத்தில்தான் வாய் பழக்கத்தில் ஓடிவிட்டது. வலையும் கயிறும் விற்கிறவனுக்கு வேண்டாம் என்றால் ஒரே சொல், விலை கட்டுப்படியாகாது என்கிற "கட்டாது." பிறகு மாற்றலாம் என்று விட்டேன், அவளோ அதையே பிடித்துக்கொண்டாள்.

கிரானிலிருந்து வந்த பழைய வாடிக்கைக்காரர் கயிற்றுக்கு விலை கேட்டு, பேசிப் பேசி நானும் இறங்கி, சரி என்று சொல்லப்போகும் நேரம் பின்னாலிருந்து என் குரலிலேயே "கட்டாது" என்று கேட்டது. அவளுக்குப் பிடிக்காதது அவருடைய சுருட்டுப் புகைதான், மனிசன் நான் வாய் அசைக்காமல் கேலி பண்ணுகிறேன் என்று கோபித்துப் போனவர் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயர் அவளுக்குத் திருநீறு பூச வந்தார், முகத்தில் ஆரும் தொடக்கூடாது என்று உனக்குத் தெரியும்தானே, முழுச் சனத்துக்கும் நடுவில் "கட்டாது, கட்டாது." யோகராசா பிள்ளையாரிடமும் விலை பேசுகிறான் என்று ஊர் சிரிக்குது. பக்கத்துக் கடைச் சாலிஹ், "யோகண்ண, ஒங்கட மகள் ஒங்கள விட நல்ல யாவாரி, கடையக் குடுத்திட்டு வீட்ட இரிங்க" என்கிறார்.

சிரிக்கட்டும். டாக்டர் ஓட்டிசம் என்று பெயர் சொன்னார், அவ்வளவுதான். அவளுடைய பாஷை தெரிந்த ஒரே ஆள் தாய், அந்தத் தாயைச் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகு பிள்ளை வேண்டாம் என்பதைச் சுவரில் தலையை மோதித்தான் சொன்னாள். சண்டைக் காலத்தில், சோதனைச்சாவடியில் பெயர் கேட்டால் பதில் வராதே என்று பயந்து வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். பலகை வந்த பிறகு ஒரு தரமும் மோதவில்லை. இந்த வரியை இரண்டு தரம் வாசி.

ஆகையால் நீ கேட்டபடி கஜானியை உன்னிடம் அனுப்பச் சம்மதம். அங்கே இதற்கென்று படித்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குப் பிறகு அவளுக்கு ஆர்? அலுவல்களைத் தொடங்கு. மச்சானும் மருமக்களும் நோய்நொடியின்றி நீடூழி வாழட்டும்.

அன்பு அண்ணன்,
யோகராசா

பி.கு.: உறை ஒட்டுமுன் அவளுக்கும் சொல்லவேண்டும்தானே என்று பக்கத்தில் இருத்திச் சொன்னேன். "கட்டாது" என்றாள். சரி, ஒரு வருடம் மட்டும் என்றேன். "கட்டாது." மூன்று மாதம், மாமியோடு பனி பார்த்துவிட்டு வா மகள் என்றேன். பலகையை மடிக்கு இழுத்து மெதுவாகத் தொட்டாள்: "அப்பா. கடை." நான் மறுபடி வாய் திறக்க, "போதும்."

என் குரலாலேயே என்னை மடக்கிவிட்டாள். யாவாரத்தில் இப்படித் தோற்று நான் சந்தோசப்பட்டதில்லை. மேலே எழுதியதை விடு. முடிந்த பேச்சு இதுதான்: காலையில் என்னோடு கடை, கடைக்குள் சுருட்டும் ரேடியோவும் இல்லை, அவள் "போதும்" என்றால் பூட்டிக்கொண்டு வீடு. எனக்குப் பிறகு என்ற கதைக்கு நீதான் இங்கே வந்து அவளோடு பழகவேண்டும். பலகையில் 'மாமி' என்று உன் படம் போட்டிருக்கிறேன், குரல் இல்லை. நேரில் வந்து பதி. இதில் குறைக்க இடமில்லை.